எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

கிறிஸ்து பிறப்பின் வரலாறு ஒரு கணக்கெடுப்போடு தொடங்குகிறது. பேரரசர் அகுஸ்து தம் ஆட்சிக்குட்பட்ட மக்களையெல்லாம் எண்ணிப் பதிவு செய்யுமாறு கட்டளையிட்டார் என்றும், அதன் பொருட்டே சூசையும் மரியாவும் நாசரேத்தை விட்டுப் பெத்லகேம் செல்ல நேர்ந்தது என்றும் நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அரசர்கள் எண்ணியது வரிக்காகவும் படைக்காகவும். தம் குடிகளை எண்ணச் செய்த தாவீது மன்னர் பின்னர் நெஞ்சம் வருந்திய செய்தியும் பழைய ஏற்பாட்டில் உண்டு. ஆனால் அதே விவிலியத்தில் வேறொரு வகை எண்ணுதலையும் காண்கிறோம். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை அறிந்து தேடிப் புறப்பட்ட ஆயனுடைய எண்ணுதல் அது. மாலைதோறும் மந்தையை எண்ணாத ஆயனுக்கு, ஓர் ஆடு தவறியதே தெரிந்திராது.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் எவ்வாறு ஒன்றை விட்டு ஒன்று விலகின, பின்னர் எவ்வாறு கூடின என்பதை, கடற்கரைத் துறைமுகம் ஒன்றின் பனிக்காலப் பறவைகளைக் கொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆன் முனை எனப்படும் பாறை நிலம் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் தென்கரையில் உள்ள துறைமுகம் குளோஸ்டர். 1623ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மீன்பிடித் தொழிலுக்காக அங்கே குடியேறினர். பின்னாளில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்ச்சுக்கீசிய மீனவரும், சிசிலித் தீவிலிருந்து இத்தாலிய மீனவரும் வந்து சேர்ந்தனர். நல்ல பயணத்தின் அன்னைக்குப் போர்ச்சுக்கீசியர் 1893இல் எழுப்பிய ஆலயம் 1914இல் எரிந்து போக, மறு ஆண்டே அதனை மீண்டும் கட்டினர். இரு கோபுரங்களுக்கும் நடுவே நிற்கும் அன்னையின் கரத்தில் ஒரு பாய்மரக் கப்பல் தாங்கியிருக்கும். இத்தாலியர் 1927 முதல் புனித இராயப்பர் விழாவை அங்கே கொண்டாடி வருகின்றனர். நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்ந்தவர் எவரும் அவ்வூரை அயலூராகக் கருதமாட்டார்.

பனிக்காலத்தில் இத்துறைமுகத்துக்கு வேறு விருந்தினர் வருகின்றனர். வடதுருவத்தை ஒட்டிய கடல்களும் ஏரிகளும் உறைந்து போகும்போது, அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் உறையாத நீரை நாடித் தெற்கே வருகின்றன. நமக்கு நடுக்கமூட்டும் குளோஸ்டரின் குளிர், அவற்றுக்கு ஒதுங்கிடமாகிறது. ஈடர் என்னும் பெரிய கடல்வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதந்து, மூழ்கிச் சிப்பிகளைப் பறித்து, ஓட்டோடு விழுங்குகின்றன. அவற்றின் இரைப்பையே ஓட்டை நொறுக்கிவிடும். லூன் எனப்படும் முக்குளிக்கும் பறவைகள் மீன் தேடுகின்றன. வடக்கே பிறந்த வெளிறிய சிறகுக் கடற்காக்கைகள் மீன் இறக்கும் துறையைச் சுற்றி வட்டமிடுகின்றன. 1905இல் கட்டி முடிக்கப்பட்ட அலைதடுப்புச் சுவரின் கற்களிடையே, அலை தெறிக்கும் இடத்திலேயே, கருஞ்சாம்பல் நிற உள்ளான்கள் இரை பொறுக்குகின்றன. இவற்றைக் காண்பதற்கென்றே இன்று டிசம்பரிலும் சனவரியிலும் மக்கள் தொலைநோக்கியோடு அங்கே வந்து, கடுங்காற்றில் நிற்கின்றனர்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரைக்கு வந்தவர் கையில் தொலைநோக்கி இல்லை, துப்பாக்கி இருந்தது. உணவுக்காகச் சுட்டோர் உண்டு. சந்தைக்காகச் சுட்டோர் உண்டு. பறவையியல் அறிஞரும் சுட்டே ஆராய்ந்தனர். கையில் எடுத்துப் பார்த்த உடலே சான்று. தொலைவில் கண்ட பறவையைப் பற்றிய சொல் சான்றாகாது என்பது அக்காலக் கொள்கை.

அந்நாளில் அக்கடலோரத்தில் பனிக்காலத்தைக் கழித்த வாத்தினம் ஒன்று உண்டு. லாப்ரடார் வாத்து என்பது அதன் பெயர். ஆணுக்குக் கறுப்பும் வெள்ளையுமான உடல். அலகின் விளிம்பு மென்மையானது. எனவே, மணற்பாங்கான ஆழமற்ற நீரில் சிறு சிப்பிகளைத் தேடியுண்ட பறவையாயிருக்கலாம் என்பர். அதன் இறைச்சி சுவையற்றது. சுட்டுக் கொணர்ந்த வாத்துகள் விலைபோகாமல் சந்தையிலேயே தொங்கி அழுகியதாகச் செய்தி உண்டு. 1875ஆம் ஆண்டு, நியூயார்க்கை அடுத்த நீள்தீவில் ஒன்று சுடப்பட்டது. அதன்பின் ஐயத்துக்கிடமின்றி அவ்வினத்தை எவரும் கண்டதில்லை. உலகெங்கும் அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ 55 பாடம் செய்த உடல்களே எஞ்சியுள்ளன. அது எங்கே கூடு கட்டியது என்பதும், எதனால் அழிந்தது என்பதும் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

இதில் நம்மை வருத்த வேண்டியது கொலை மட்டுமன்று. ஆண்டுதோறும் மனிதர் கண்முன்னே, பரபரப்பான துறைமுகங்களின் வாயிலிலேயே வந்து தங்கிய ஓர் உயிரினம், ஆண்டுதோறும் குறைந்து கொண்டே வந்தது. அக்குறைவைக் குறித்து வைக்க ஒருவருமில்லை. மந்தை இருந்தது, எண்ணும் ஆயன் இல்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் வங்கியில் கணக்கெழுதிய இளைஞர் என்பது வியப்புக்குரியது. அவர் பெயர் பிராங்க் சாப்மன். அக்காலத்து மாதர் பறவையின் இறகை மட்டுமன்று, சிறகையும் சில வேளை முழு உடலையுமே தொப்பியில் அணிந்தனர். 1886ஆம் ஆண்டில் சாப்மன் நியூயார்க் நகரின் கடைவீதியில் இருமுறை நடந்து, எதிர்ப்பட்ட தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றுள் 542இல் இறகுகள். அவர் இனங்கண்ட பறவை வகைகள் 40. பறவை பார்க்கக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை, கடைவீதியே போதும் என்னும் கொடிய நிலையை அவ்வெண்கள் எடுத்துரைத்தன. அவ்வாண்டிலேயே வங்கி வேலையைத் துறந்த அவர், பின்னர் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.

பத்தாண்டுகள் கழிந்து, 1896இல், குளோஸ்டருக்குத் தெற்கே பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் இரு பெண்மணிகள், நகரின் செல்வர் குடும்பங்களின் பெயரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இறகுத் தொப்பி அணிவோர் யாரெனக் குறித்தனர். அவர்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, அவ்வழக்கத்தை விடுமாறு வேண்டினர். நூற்றுக்கணக்கான மாதர் இசைந்தனர். மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் இவ்வாறே பிறந்தது. அங்காடியில் அலங்காரமாய் விற்றதை உயிரென உணரச் செய்தது அவர்தம் தொண்டு.

அந்நாட்டில் கிறிஸ்து பிறப்பு நாளில் ஒரு பழக்கம் நிலவியது. ஊரார் இரு அணியாகப் பிரிந்து வேட்டைக்குச் செல்வர். கண்ணில்பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் குவிப்பர். மாலையில் எந்த அணியின் குவியல் பெரிது என்று எண்ணி வெற்றியாளரை அறிவிப்பர். அமைதியின் அரசர் பிறந்த நாளை இவ்வாறு கொண்டாடினர்! அவர்களும் எண்ணத்தான் செய்தனர். ஆனால் எண்ணியது பிணங்களை.

சாப்மன் இப்பழக்கத்தைக் கண்டித்து ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். அவர் செய்தது அதனினும் நுட்பமானது. தாம் நடத்திய ‘பேர்டு-லோர்’ இதழின் வழியாக, அதே நாளில், அதே ஊக்கத்தோடு வெளியே செல்லுங்கள். ஆனால் சுடாமல் எண்ணுங்கள். கண்டதை எழுதியனுப்புங்கள் என்று வேண்டினார். விழாவை ஒழிக்கவில்லை, போட்டியையும் முற்றிலும் ஒழிக்கவில்லை, கையிலிருந்த கருவியை மட்டும் மாற்றினார். 1900 டிசம்பர் 25ஆம் நாள் 27 பேர், கனடாவின் டொராண்டோ முதல் கலிபோர்னியா வரை 25 இடங்களில் எண்ணினர். மாசசூசெட்சும் அவற்றுள் அடங்கும். அன்று பதிவான பறவை வகைகள் ஏறத்தாழ 90. அவ்வழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. இப்பொழுது டிசம்பர் 14 முதல் சனவரி 5 வரையிலான நாட்களுள் ஒன்றில், 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் எண்ணுகின்றனர். அவ்வட்டங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆன் முனையும் அவற்றுள் ஒன்று.

சுடாமல் அறிய இயலுமா என்னும் ஐயம் அறிஞரிடையே நெடுநாள் இருந்தது. 1927இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு வந்த லட்லோ கிரிஸ்கம், சிறகின் பட்டையையும் பறக்கும் பாங்கையும் கொண்டே பறவையை இனங்காண முடியும் என்பதை மாசசூசெட்ஸ் கடற்கரையில் செய்து காட்டினார். அவரிடம் பயின்ற இளைஞருள் ஒருவரான ரோஜர் டோரி பீட்டர்சன், 1934இல் அம்முறையை எளிய படங்களோடு நூலாக்கினார். பாஸ்டன் பதிப்பகம் ஒன்று துணிந்து அச்சிட்ட 2000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. அறிஞருக்கே உரியதாயிருந்த கலை, பள்ளிச் சிறுவனுக்கும் உரியதாயிற்று.

எண்ணுவதால் மட்டும் ஓர் உயிர் பிழைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் செய்த உடன்படிக்கையும், 1918இல் இயற்றப்பட்ட சட்டமும் இல்லையேல் பல இனங்கள் மறைந்திருக்கும். ஆனால் சட்டம் யாரைக் காக்க வேண்டும் என்பதை எண்ணுவோரே காட்டுகின்றனர். ஆன் முனைப் பாறைகளில் பனிக்காலத்தைக் கழிக்கும் ஹார்லெக்குவின் வாத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நீலமும் செம்பழுப்பும் வெண்கோடுகளும் கொண்ட அவ்வழகிய பறவையின் கிழக்குக் கரைக் கூட்டம் ஆயிரத்துக்கும் குறைந்துவிட்டது என்பது பனிக்காலக் கணக்குகளால் தெரிய வந்தது. 1990இல் கனடா அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. வேட்டை தடை செய்யப்பட்டது. எண்ணிக்கை மெல்ல உயரவே, 2001இல் அப்பட்டியலிலிருந்து கீழிறக்கப்பட்டது. லாப்ரடார் வாத்துக்குக் கிடைக்காத ஆயன் இதற்குக் கிடைத்தான்.

அதே துறைமுகம் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. குளோஸ்டரை வாழவைத்தது காட் மீன். அம்மீன்வளத்தை அறிவியலார் ஆண்டுதோறும் அளந்தனர். குறைகிறது என்று எச்சரிக்கவும் செய்தனர். எனினும் பிடிப்பது குறையவில்லை. முடிவில் 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் திட்டு என்னும் புகழ்பெற்ற மீன்பிடிப் பரப்பின் பெரும்பகுதிகளை அரசு மூட நேர்ந்தது. ஆன் முனையின் எளிய மீனவக் குடும்பங்களே அதன் சுமையைத் தாங்கின. கணக்கிட்டனர், ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை. ‘எண்ணுதல்’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் பிரிந்தால் விளைவது இதுவே.

அவ்வூர் மறவாமல் எண்ணியது ஒன்று உண்டு. துறைமுகத்தை நோக்கி, சுக்கானைப் பற்றி நிற்கும் மீனவர் ஒருவரின் வெண்கலச் சிலை 1925 முதல் அங்கே நிற்கிறது. கடலில் மாண்ட குளோஸ்டர் மீனவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், ஆண்டு வாரியாக, அதன் அருகே பொறிக்கப்பட்டுள்ளன. தொகையாக அன்று, பெயர் பெயராக. பனிக்காலத்தில் வாத்துகளை எண்ண வருவோர் அப்பெயர்களைக் கடந்துதான் கடலைப் பார்க்கின்றனர்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. அதே பனிக்காலத்தில் வடபுலத்துப் பறவைகள் நம் கோடியக்கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் வருகின்றன. 1987 முதல் சனவரி தோறும் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி ஆசிய நாடுகளில் நடந்து வருகிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் ஆர்வலர் பறவைகளை எண்ணி வருகின்றனர். விழா நாளில் எண்ணும் அவ்வழக்கம் இங்கே நம் விழாவோடு இணைந்துவிட்டது. நம் பங்கு இளைஞரும் மறைக்கல்வி மாணவரும் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாகாதா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கரை திரும்பாதோர் எத்தனை பேர் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அப்பொழுது குமரிக் கடற்கரைப் பங்குகளில் வீடு வீடாகக் கேட்டு, பெயர் பெயராகப் பட்டியல் எழுதினர். ஒரு பெயரும் விடுபடலாகாது என்னும் அந்த உறுதியே ஆயனின் எண்ணுதல். காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளையும் தந்தை மறப்பதில்லை என்று ஆண்டவர் கற்பித்தார். மனிதனை எண்ணக் கற்ற கண் பறவையையும் எண்ணும். பறவையை எண்ணக் கற்ற கண் மனிதனைத் தவறவிடாது. அகுஸ்துவின் கணக்கேட்டில் பெத்லகேமின் குழந்தை ஓர் இலக்கமாக மட்டும் இருந்திருக்கும். அன்றிரவு மந்தையை எண்ணி விழித்திருந்த இடையர்களுக்கே, அவர் யாரென்பது முதலில் அறிவிக்கப்பட்டது.