ஒரே கூரையின் கீழ் இரண்டு பாடசாலைகள்

1948 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் அப்பலோ அரங்கில் ஒரு நகைச்சுவை நாடகம் மேடையேறியது. 'உங்கள் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஜோன் டைட்டன். கல்வி அமைச்சின் தவறொன்றினால், ஹிலறி ஹோல் என்னும் ஆண்கள் விடுதிப் பாடசாலைக்கு ஒரு பெண்கள் பாடசாலை முழுவதுமாக அனுப்பப்படுகிறது. இரு பகுதிப் பெற்றோரும் ஒரே நேரத்தில் வந்துவிட, அதிபர்கள் இருவரும் மற்றப் பாடசாலையை மறைக்க ஓடித் திரிகிறார்கள். பெண் அதிபராக மார்கிரட் றதர்போட் நடித்தார். 1950 இல் வெளிவந்த திரைப்படத்திலும் அவரே அந்தப் பாத்திரம்.

அன்றைய இலண்டன் மக்களுக்கு இது வெறும் கற்பனையல்ல. 1939 செப்டெம்பர் முதல் நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகள். பலர் ஆசிரியர்களோடு பாடசாலை பாடசாலையாகவே சென்றார்கள். போன ஊர்களில் இடம் போதவில்லை. காலையில் ஊர்ப்பிள்ளைகள், பின்னேரம் வந்த பிள்ளைகள் என ஒரே கட்டடம் இரண்டு நேரம் இயங்கியது. அந்தப் பெற்றோரும் ஆசிரியர்களுமே சில வருடங்களின் பின் அரங்கில் இருந்து சிரித்தார்கள்.

மருத்துவபீட நாட்களில் அந்தத் திரைப்படத்தைப் பார்த்தபோது எங்களுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு வகுப்பறையும் நினைவில் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த நாங்கள், தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் பின்னேர மாணவிகளானோம். கரும்பலகையில் காலை வகுப்பின் கணக்கு அழிபடாமல் இருக்கும். மேசைக்குள் யாரோ ஒருத்தியின் அழிறப்பர் கிடக்கும். எடுத்துப் பாவித்துவிட்டுத் திரும்ப வைப்போம்.

1996 இல் ஊர் திரும்பினோம். எங்களுக்காகத் தங்கள் பாடவேளைகளைக் குறைத்துக்கொண்ட அந்தப் பிள்ளைகளின் முகங்களைக்கூட நாங்கள் சரியாகப் பார்த்ததில்லை. அவர்கள் வெளியேறிய பின்னர்தான் நாங்கள் உள்ளே போவோம். நன்றி சொல்லவும் இல்லை.

எங்கள் கல்லூரியின் நூறு வருடங்களில் அந்தச் சில மாதங்கள் வேறொருவர் கூரையின் கீழ்க் கழிந்தவை. காலை நேரத்துச் சகோதரிகளே, இந்த மலர் உங்கள் கைக்கும் வந்தால், பிந்திய எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.