குடத்துக்குள்ள கைவிட்ட பையன்: டல்லாஸ்ல இருந்து உத்திரமேரூர் வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் முழுக்க நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. "அமெரிக்க விளையாட்டுல இந்த வாரத்தோட பெரிய ஷாக் எது?"ன்னு ஒருத்தர் கேட்டுவிட்டுப் போயிட்டார். வந்த பதில்ல பாதிக்கு மேல ஒரே பதில்தான். டல்லாஸ் மேவரிக்ஸ்.

என்.பி.ஏ. பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். அங்க ஒவ்வொரு வருஷமும் காலேஜ்ல இருந்து வர்ற புதுப் பசங்களை அணிகள் வரிசையா எடுத்துக்கும். அதுக்குப் பேரு டிராஃப்ட். யார் முதல்ல எடுக்கறதுங்கறதைக் குலுக்கல்ல முடிவு பண்றாங்க. மோசமா ஆடின அணிக்கு வாய்ப்பு அதிகம். 2025 மே 12ஆம் தேதி நடந்த குலுக்கல்ல முதலிடம் வாங்கினது டல்லாஸ். அவங்களுக்கு இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். சீசன்லயே ரொம்ப மோசமா ஆடின யூட்டா ஜாஸுக்கு 14 சதவீதம் இருந்தது. அவங்க அஞ்சாவது இடத்துக்குப் போயிட்டாங்க.

இதுல மசாலா எங்க வருதுன்னா, இதே டல்லாஸ்தான் பிப்ரவரியில லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, சொந்த ரசிகர்கள்கிட்டயே திட்டு வாங்கிச்சு. மூணே மாசத்துல டியூக் யுனிவர்சிட்டி பையன் கூப்பர் ஃபிளாக்கை எடுக்கற வாய்ப்பு மடியில வந்து விழுது. உடனே இன்டர்நெட் முழுக்க "செட்டப்பு, செட்டப்பு"ன்னு கத்தல். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் கத்தல் நிக்கல.

நான் யோசிச்சது வேற. 2018ல காலேஜ் கூடைப்பந்துல ஒரு அதிர்ச்சி நடந்தது, ஞாபகம் இருக்கா? யு.எம்.பி.சி.ன்னு யாருக்கும் தெரியாத ஒரு காலேஜ் அணி, தரவரிசையில முதலிடத்துல இருந்த வர்ஜீனியாவை 74க்கு 54ன்னு அடிச்சுத் துவைச்சது. ஆண்கள் போட்டியில அதுக்கு முன்னாடி 16ஆம் தரவரிசை அணிகள் முதல் தரவரிசை அணிகளோட 135 தடவை மோதி, 135 தடவையும் தோத்திருந்தாங்க. புள்ளிவிவரப்படி பார்த்தா அது எவ்வளவோ பெரிய ஆச்சரியம். ஆனா "செட்டப்பு"ன்னு பெருசா யாரும் கிளம்பல. ஏன்னா 40 நிமிஷ ஆட்டத்தையும் எல்லாரும் கண்ணால பார்த்தாங்க.

அப்போ ஆச்சரியத்துல ரெண்டு வகை இருக்கு. ஆட்டத்துல வர்ற ஆச்சரியத்தை ஜனங்க கொண்டாடுவாங்க. குலுக்கல்ல வர்ற ஆச்சரியத்தைச் சந்தேகப்படுவாங்க. இந்த ரெண்டாவது வகைக்கு மருந்து என்ன? அமெரிக்காக்காரன் 40 வருஷமா தேடிட்டிருக்கான். எங்க ஊர்க் கோயில் சுவத்துல ஒரு பதில் 1,100 வருஷமா இருக்கு. நான் உத்திரமேரூர்க்காரன்ங்க, விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உறையும் பந்தும்

முதல்ல அமெரிக்கக் கதை. மோசமான அணிக்கு முதல் வாய்ப்புன்னு விதி இருந்தா, வேணும்னே தோக்கற ஆசை வரும். 1983–84 சீசன்ல ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அப்படித் தோத்தாங்கன்னு பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. அதனால 1985ல குலுக்கல் கொண்டுவந்தாங்க. ஏழு அணி, ஏழு உறை, கண்ணாடி மாதிரி ஒரு டிரம். கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்தார். முதலிடம் நியூயார்க் நிக்ஸுக்கு. அந்த வருஷத்தோட பெரிய ஸ்டார் பேட்ரிக் யூயிங் பெரிய நகரத்துக்கே போனார். "அந்த உறையை மட்டும் ஃப்ரீஸர்ல வெச்சிருந்தாங்க, ஜில்லுன்னு இருந்ததைத் தடவிப் பார்த்து எடுத்தார்"னு ஒரு கதை கிளம்பிச்சு. நிரூபிக்கப்படாத கதை. இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

இப்போ இருக்கற முறை வேற. 14 பந்து, அதுல 4 எடுப்பாங்க. மொத்தம் 1,001 சேர்க்கை வரும். அதுல 1,000த்தை அணிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. டல்லாஸ்கிட்ட இருந்தது 18. கணக்கு சுத்தம். ஆனா பந்து எடுக்கறது ஒரு தனி அறையில. அணிப் பிரதிநிதிகள், சில பத்திரிகையாளர்கள், தணிக்கைக்காரங்க மட்டும் உள்ள இருப்பாங்க. நேரலையில நாம பார்க்கறது, முடிவை உறையில போட்டு அப்புறம் திறக்கற நாடகத்தை மட்டும்தான்.

சுவத்துல எழுதின விதி

இப்போ உத்திரமேரூருக்கு வாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு, 919லயும் 921லயும் வெட்டினது. ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு ஆள் எடுக்கற குடவோலை முறையைப் பத்தினது. ஸ்கூல் புத்தகத்துல ரெண்டு வரியில படிச்சுட்டுத் தாண்டிப் போயிருப்போம். அதுல இருக்கற நடைமுறையை உட்கார்ந்து படிச்சா, ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தில்லுமுல்லுக்குப் போட்ட பூட்டு மாதிரி இருக்கு.

ஊர் 30 குடும்பு. நம்ம பாஷையில வார்டுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, எந்தக் குடும்புன்னு ஒரு வாயோலையும் சேர்த்துக் குடத்துல போடணும். அந்த இடத்துல சின்னவங்க பெரியவங்கன்னு சபை முழுக்க இருக்கணும். கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம உள்ள உட்கார்ந்திருக்கணும். அவங்கள்ல வயசானவர் எழுந்து, எல்லாரும் பார்க்கற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்கணும். எடுக்கறது யாரு? உள்ள என்ன இருக்குன்னு எதுவும் தெரியாத ஒரு சின்னப் பையன்.

அவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டு நல்லாக் குலுக்கணும். அதுல இருந்து ஒரே ஒரு ஓலை. அதை மத்யஸ்தன்கிட்ட கொடுப்பான். அவர் எப்படி வாங்கணும்னுகூட எழுதியிருக்கு: அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில. ஏன்? கையில முன்னாடியே ஒரு ஓலையை ஒளிச்சு வெச்சு மாத்த முடியாது. அவர் வாசிச்ச பிறகு, அதே ஓலையை நம்பிமார் எல்லாரும் வாசிக்கணும். அப்புறம்தான் பேரை எழுதிக்கணும்.

ஃப்ரீஸர் உறைக் கதைக்கு இங்க இடமே இல்லை பாருங்க. எடுக்கறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எடுக்கற இடம் ஊர் நடுவுல. சரிபார்க்கறது ஒரு ஆள் இல்ல, பல பேர்.

"நல்லாக் குலுக்கணும்"ங்கறதை அல்பமா நினைக்காதீங்க. 1969 டிசம்பர்ல, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்க அரசாங்கம் பிறந்தநாள் குலுக்கல் நடத்திச்சு. 366 உருளை. மாச வாரியாப் போட்டாங்க, சரியாக் கலக்கல. டிசம்பர்ல பிறந்த பசங்க நிறைய பேருக்கு முதல் எண்கள் விழுந்தது. முதல் எண்ணுன்னா முதல்ல ராணுவத்துக்குப் போகணும். புள்ளியியல்காரங்க கண்டுபிடிச்சுச் சொன்ன பிறகு, அடுத்த வருஷம் முறையை மாத்தினாங்க. குலுக்கறதுல ஒரு சோம்பேறித்தனம், விலை மனுஷ உசுரு. நான் கோடு எழுதிப் பிழைக்கறவன். "ரேண்டம்தானே, ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா முடிஞ்சது"ன்னு நினைச்சிட்டிருந்தவனுக்கு இந்தச் சம்பவம் ஒரு அடி.

இன்னொரு விதி. ஒருதடவை வாரியத்துல இருந்தவர் மூணு வருஷம் திரும்ப வரக்கூடாது. கணக்குக் காட்டாதவரும் வரமுடியாது, அவரோட சொந்தக்காரங்களும் வரமுடியாது. கிளீவ்லாண்ட் கேவலியர்ஸ் 2011, 2013, 2014ன்னு நாலு வருஷத்துல மூணு தடவை முதலிடம் அடிச்சப்ப மத்த ரசிகர்கள் எவ்வளவு கடுப்பானாங்க! சோழர் கால விதி இருந்திருந்தா ரெண்டாவது தடவையே பேரு குடத்துக்குள்ள போயிருக்காது.

எனக்குப் பிடிச்ச விஷயம், 919ல போட்ட விதியை 921ல திருத்தியிருக்காங்க. வயசு வரம்பு முதல்ல 30ல இருந்து 60. ரெண்டே வருஷத்துல 35ல இருந்து 70. தகுதியையும் கூடாதுங்கற பட்டியலையும் இன்னும் விரிவா எழுதியிருக்காங்க. முதல் வெர்ஷன்ல ஓட்டை இருந்திருக்கு, எவனோ அதுல புகுந்திருக்கான். பேட்ச் போட்டு, அதையும் கல்லுல வெட்டிட்டாங்க.

எங்க தெருச் சீட்டு

இந்தப் பையன் விஷயம் எனக்குச் சொந்த அனுபவம். சின்ன வயசுல எங்க தெருவுல குலுக்கல் சீட்டு நடக்கும். இருபது வீடு, மாசம் ஒருத்தருக்குப் பணம். ஒரு எவர்சில்வர் சொம்புல பேர் எழுதின துண்டுச்சீட்டு. எடுக்கறது எப்பவும் நான்தான், ஏன்னா தெருவுல நான்தான் பொடியன். ஒரு மாசம் எடுத்தேன், பிரிச்சாங்க, எங்க அம்மா பேரு. அந்த மாசம் எங்களுக்கு நிஜமாவே பணம் தேவைப்பட்டது. ஒரு அக்கா மட்டும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "பையன் வெவரமானவன்." அவ்வளவுதான். அம்மா அன்னைக்குப் பணத்தை வாங்கல. அடுத்த மாசம் குலுக்கறப்போ, சீட்டுலயே சேராத வீட்டுல இருந்து ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கல.

நான் ஏமாத்தல. ஆனா ஏமாத்தலைன்னு நிரூபிக்க எனக்கு வழியே இல்ல. நேர்மையா இருந்தாப் போதாது, நேர்மையா இருக்கறது மத்தவங்க கண்ணுக்குத் தெரியணும்னு அன்னைக்குப் புரிஞ்சது. டல்லாஸ்காரனும் இப்போ அந்த இடத்துலதான் நிக்கறான்.

குடத்துக்குள்ள போகாத பேர்

இங்கேயே முடிச்சா ஊர்ப்பெருமை பேசினதாயிடும். 2020ல புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்ப பிரதமரே உத்திரமேரூரைச் சொன்னார். எங்க ஊருக்கே சந்தோஷம். ஆனா அந்தச் சுவரை முழுசாப் படிங்க. அப்போ இது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். குடத்துல பேர் போகணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதப் படிப்பு வேணும். ஏரி வாரியம்னு ஒண்ணு இருந்தது. ஆனா அந்த ஏரித் தண்ணியில இறங்கி நாத்து நட்டவங்க பேரு எந்த ஓலையிலயும் ஏறல. பெண்கள் பேரும் ஏறல.

அதனால எனக்கு இதுல ரெண்டு கேள்வி. குலுக்கல் நேர்மையா? உத்திரமேரூருக்கு நூத்துக்கு நூறு. குடத்துக்குள்ள யார் யார் பேரு இருக்கு? அங்க மார்க் குறையுது. அந்தக் கேள்விக்கு நாம ரொம்ப லேட்டாத்தான் பதில் எழுத ஆரம்பிச்சோம். 1992ல 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2016ல தமிழ்நாட்டு உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதி இடம். இன்னைக்கு அதே ஊர்ல யார் வேணா நிக்கலாம். ஓட்டு சமமா வந்தா மட்டும்தான் குலுக்கல்.

டிராஃப்ட்லயும் அதே ரெண்டாவது கேள்வி இருக்கு. எந்த அணிக்கு முதலிடம்னு கோடிக்கணக்கான பேர் சண்டை போடறோம். எந்த ஊருக்குப் போகணும்னு அந்த 18 வயசுப் பையனை யாரும் கேக்கறதில்ல.

ஆக, குரூப் சண்டைக்கு என் தீர்ப்பு: இந்த வாரத்தோட பெரிய ஆச்சரியம் டல்லாஸ் ஜெயிச்சது இல்ல. ஆயிரத்துல 18ன்னா எப்பவாவது விழத்தான் செய்யும். இவ்வளவு காசும் கேமராவும் வெச்சிருக்கறவங்க, குடத்தை ஊர் நடுவுல தூக்கிக் காட்டாம அறைக்குள்ள வெச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

லீவுல ஒருநாள் வண்டியை எடுத்துட்டு வாங்க. செங்கல்பட்டு வழியா வந்தாலும் சரி, காஞ்சிபுரம் வழியா வந்தாலும் சரி. சுவத்தைக் கையால தொடாம, கண்ணால படிங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.