மலேசியச் செம்மறிகளின் வயிற்றுப்புழுவும் தோற்ற மருந்துகளும்

ஆட்டுக்குக் கொடுத்த குடற்புழு மருந்து பலிக்கவில்லை என்றால் பழி பெரும்பாலும் சிறு வளர்ப்பாளர் தலையில் விழுகிறது. எடை பார்க்காமல் குறைத்து ஊற்றினார், காலாவதியான மருந்தை வாங்கினார் என்பார்கள். அந்தக் குறைகள் இல்லாமலில்லை. ஆனால் மலேசியாவில் புழுக்களின் மருந்தெதிர்ப்பு முற்றிப் பரவியதற்கு, நாள் தவறாமல் மந்தை முழுவதற்கும் மருந்தூட்டிய பெரிய பண்ணைகளே, அதிலும் அரசு இனப்பெருக்கப் பண்ணைகளே, கூடுதல் பொறுப்பேற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த எதிர்ப்பைப் பதிவுசெய்வதில் பினாங்கு பிந்தியிருக்கவில்லை. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. ஏ. ரஹ்மான், ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு மசியவில்லை என்பதை 1990களின் தொடக்கத்திலேயே பதிவுசெய்தார். ஒரே செம்மறிப் பண்ணையில் பல புழுவினங்கள் பல மருந்து வகைகளைத் தாங்கி நின்றதைச் சிவராஜும் உடனாய்வாளர்களும் 1994இல் எழுதினர். 1999இல் வெளிவந்த சந்திரவதனி குழுவின் ஆய்வில், ஏறத்தாழப் பாதிச் செம்மறிப் பண்ணைகளில் பென்சிமிடசோல் எதிர்ப்பு தென்பட்டது. சபா மாநில அரசுப் பண்ணைகளைப் பற்றி அதே ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே மருந்துகளின் முழுத் தோல்வியை அறிவித்தது.

காரணத்தைப் புழுவின் வாழ்க்கையில் தேட வேண்டும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஒவ்வொரு புழுவாலும் தினம் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர். ஆடு வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்து, சாகும். நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், புழுக்கையிலுள்ள முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிவிடும். குளிர்காலமோ நீண்ட வறட்காலமோ இல்லாததால் மாதாமாதம் மருந்தூட்டும் வழக்கம் வேரூன்றியது. ஆனால் அதே வெப்பத்தில் மேய்ச்சல் நிலத்து இளம்புழுக்கள் சில வாரங்களிலேயே மடிகின்றன. ஆகவே மருந்துக்குத் தப்பிய புழுக்களின் சந்ததியோடு கலந்து எதிர்ப்பை நீர்த்துப்போகச் செய்ய, மருந்து படாத புழுக்கள் வெளியில் அதிகம் மிஞ்சுவதில்லை. எதிர்ப்பு உண்டாகப் பெரிய மாற்றமும் தேவையில்லை. பென்சிமிடசோல் பற்றும் புழுவின் பீட்டா டியூபுலின் புரதத்தில், 200ஆம் இடத்து அமினோ அமிலமான ஃபினைல்அலனினுக்குப் பதில் டைரோசின் வந்தால் போதும், மருந்து அங்கே பற்றாது.

வெள்ளாடு மருந்தைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செம்மறிக்குரிய அளவை அதற்கும் ஊற்றிவிட்டு இரண்டையும் ஒரே நிலத்தில் மேய விட்டால், மருந்தைத் தாங்கிய புழு செம்மறிக்கு வந்து சேரும்.

புது மருந்து வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தயாபெண்டசோல் 1961இல் வந்தது. 1964இலேயே எதிர்ப்பு பதிவானது. 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்த மோனெபான்டெலுக்கு 2013இல் அங்கேயே எதிர்ப்பு பதிவாகிவிட்டது. வேப்பிலையை நாடுவோரும் உண்டு. மலேசியாவிலேயே செம்மறிகளுக்குத் தினமும் பச்சை வேப்பிலை ஊட்டிப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்துக்கு மாற்று என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறை இதைவிடப் பயன் தரும். ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்து, உள்சவ்வின் நிறத்தை ஐந்து நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து தருவார்கள். மற்ற ஆடுகளிலுள்ள புழுக்கள் மருந்து காணாமலே பெருகும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் டிரைக்கோஸ்ட்ராஞ்சிலஸ் போன்ற புழுக்கள் இரத்தம் குடிப்பதில்லை. அவற்றைக் கண்ணிமை காட்டிக்கொடுக்காது. செம்மறிகள் மேயும் செம்பனைத் தோட்டத்தில் ஆள் கிடைக்காத நிலையில் மந்தை முழுவதையும் அடிக்கடி பிடித்துப் பார்ப்பதும் எளிதல்ல.

ஆகவே முதல் தடுப்பு இனப்பெருக்கப் பண்ணையின் வாசலில் அமைய வேண்டும். அங்கிருந்து ஊர்ப் பண்ணைக்குப் போகும் செம்மறிக் கிடா தன் வயிற்றுப் புழுக்களையும் கொண்டு போகிறது. அனுப்புமுன் மருந்து கொடுத்து, 10 முதல் 14 நாள் கொட்டிலில் நிறுத்தி, புழுக்கையில் முட்டை எண்ணிக்கை 95 விழுக்காடாவது குறைந்ததா என்று பார்க்க வேண்டும். குறையவில்லையென்றால் அந்தக் கிடா வெளியே போகக்கூடாது. இதற்காகும் தீவனச் செலவும் பரிசோதனைச் செலவும் பண்ணையுடையது. ஆட்டை வாங்குபவர் தலையில் அதைக் கட்டக்கூடாது.