அமெரிக்க அமெச்சூர் விசைப்படகுப் பந்தயத்தில் எஞ்சின் விதிகள்: ‘ஸ்டாக்’ என்னும் சொல்லின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

படகின் பின்பலகையில் பொருத்தி இயக்கும் அவுட்போர்டு எஞ்சின்களைக் கொண்டு அமெச்சூர்கள் நடத்தும் விசைப்படகுப் பந்தயம் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. சாதாரண வருவாய் உள்ளவரும் பங்கேற்க வேண்டும் என்ற நோக்கில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘ஸ்டாக்’ என்னும் பிரிவு உருவானது. ஆலை விற்றபடியே, மாற்றம் செய்யப்படாத எஞ்சினைக் கொண்டு போட்டியிடுவது அதன் அடிப்படை விதி. அச்சொல் மாறாதிருக்க, அதன் பொருள் எவ்வாறு தலைகீழானது என்பதையும், அம்மாற்றத்தில் எஞ்சின் உற்பத்தியாளர்களின் பங்கு யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அவுட்போர்டு எஞ்சின், விசைப்படகுப் பந்தயம், ஸ்டாக் பிரிவு, பந்தய விதிகள், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

விளையாட்டு விதிகளைப் பெரும்பாலும் ஆட்டத்தின் ஒழுங்குமுறையாக மட்டுமே நோக்குவது வழக்கம். இயந்திரத்தைச் சார்ந்த விளையாட்டுகளில் விதிநூல் வேறொரு பணியையும் ஆற்றுகிறது. யாரால் எவ்வளவு செலவிட முடியும், எந்த இயந்திரம் கடையில் கிடைக்கும், எந்த ஆலை எதனைத் தொடர்ந்து செய்யும் என்பவற்றின் பதிவாகவும் அது அமைகிறது. எனவே எஞ்சின் விதிகளில் நேர்ந்த மாற்றங்களைப் பொருளியல், தொழில்துறை வரலாற்றின் சான்றுகளாகவும் கொள்ளலாம். ‘ஸ்டாக்’ விதி பந்தயத்தாரின் செலவைக் கட்டுப்படுத்தப் பிறந்தது; ஆயின் அது பந்தயத்தை உற்பத்தியாளரின் முடிவுகளுக்குக் கட்டுப்படுத்தியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கொள்ளளவு வகுப்புகளும் போருக்கு முந்தைய நிலையும்

அமெரிக்க விசைப்படகுச் சங்கம் 1903-இல் தோன்றியபோது அவுட்போர்டு எஞ்சின் வணிகப் பொருளாகியிருக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் விற்கத் தொடங்கிய எஞ்சின் 1.5 குதிரைத்திறன் கொண்டது. மீன்பிடிப் படகைத் துடுப்பின்றிச் செலுத்துவதே அதன் நோக்கம். 1920-களில் எவின்ரூட்டின் எல்டோ நிறுவனமும் ஜான்சன் சகோதரர்களும் எடை குறைந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே வேகம் போட்டிப் பொருளாயிற்று.

எஞ்சின்களை ஒப்பிட ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. விளம்பரத்தில் கூறப்படும் குதிரைத்திறனை நம்ப இயலாது. சிலிண்டர் கொள்ளளவையோ எவரும் அளந்து சரிபார்க்கலாம். எனவே ஏ வகுப்புக்கு 14, பி வகுப்புக்கு 20, சி வகுப்புக்கு 30, டி வகுப்புக்கு 40, எஃப் வகுப்புக்கு 60 கன அங்குலம் என்னும் வரம்புகள் நிலைபெற்றன. பி வகுப்பின் வரம்பு இன்றைய அளவில் ஏறத்தாழ 328 கன சென்டிமீட்டர்.

கொள்ளளவை மட்டும் வரையறுத்த விதி, ஏனைய அனைத்தையும் திறந்துவிட்டது. எரிபொருளாக மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து பயன்படுத்தப்பட்டன; அழுத்த விகிதம் உயர்த்தப்பட்டது; வெளியேற்றக் குழாய்கள் மாற்றப்பட்டன. ஜான்சன், எவின்ரூட் நிறுவனங்கள் பந்தயத்துக்கெனத் தனி எஞ்சின்களைச் செய்தன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அத்தகைய எஞ்சின்களுக்குச் சந்தை சுருங்கியதால் உற்பத்தி நின்றது. எனினும் ஜான்சன் பி.ஆர்., எவின்ரூட் 4-60 போன்றவை அதன் பின்னரும் பல்லாண்டுகள் ஓடின. ஆலை கைவிட்ட எஞ்சினைப் பந்தயத்தார் காப்பாற்றிய முதல் நிகழ்வு இது. பின்னாளில் ‘ஸ்டாக்’ பிரிவு சந்திக்கவிருந்த நிலை இங்கேயே முன்னறிவிக்கப்பட்டுவிட்டது.

ஸ்டாக் பிரிவின் தோற்றம்

போர்க்காலத்தில் பொதுமக்களுக்கான அவுட்போர்டு உற்பத்தி தடைப்பட்டது. போருக்குப் பின் ஏரிக்கரைகளில் புதிய வாங்குவோர் பெருகினர். கடையில் வாங்கிய எஞ்சினைச் சாதாரண பெட்ரோலில் ஓட்டி, வாரநாட்களில் மீன்பிடிக்கவும் வாரஇறுதியில் போட்டியிடவும் விரும்பிய இவர்களுக்காக 1940-களின் இறுதியில் ‘ஸ்டாக் அவுட்போர்டு’ பிரிவு அமைந்தது. ஆலையின் பட்டியலில் உள்ளபடியே எஞ்சின் இருத்தல் வேண்டும் என்பது விதி.

இவ்விதியைக் காப்பது பரிசோதகரின் கடமை. பந்தயம் முடிந்ததும் வென்றோரின் எஞ்சின்கள் பிரிக்கப்படும். சிலிண்டரின் விட்டம், பிஸ்டனின் ஓட்டநீளம், துளைகளின் உயரம் ஆகியவை அளக்கப்படும். எரியறையில் திரவம் ஊற்றி அதன் கொள்ளளவு கணக்கிடப்படும். ஆலை அளவிலிருந்து அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் விலகினால் வெற்றி பறிக்கப்படும். ஒப்பிடுவதற்கு ஆலையின் அளவுகள் கிடைக்கும்வரை இம்முறை குறையற்றது. ஆனால் அளவுகோலை வைத்திருந்தவர் உற்பத்தியாளர் என்பது கருதத்தக்கது.

மெர்க்குரியும் விதியின் எழுத்தும்

கார்ல் கீக்ஹேஃபர் 1939-இல் தொடங்கிய மெர்க்குரி நிறுவனம் இச்சூழலை முதலில் உணர்ந்தது. போருக்குப் பின் அது வெளியிட்ட ‘லைட்னிங்’ எஞ்சின் 10 குதிரைத்திறன் எனக் குறிக்கப்பட்டபோதிலும் உண்மையில் அதனினும் கூடுதல் ஆற்றல் தந்தது. அதன் கொள்ளளவு 20 கன அங்குலத்துக்குச் சற்றே குறைவு. அதாவது பி வகுப்பின் வரம்புக்குள் மிகச் சரியாகப் பொருந்தியது. நான்கு சிலிண்டர் ‘தண்டர்போல்ட்’ எஞ்சின் டி வகுப்பின் 40 கன அங்குல வரம்புக்கு இவ்வாறே பொருந்தியது.

அடுத்த படி மேலும் குறிப்பிடத்தக்கது. நீரின் எதிர்ப்பைக் குறைக்கும் வகையில் கீழ்ப்பகுதி வடிவமைக்கப்பட்ட ‘குயிக்சில்வர்’ அமைப்புடன் பந்தய மாதிரிகளை மெர்க்குரி தன் பட்டியலிலேயே விற்றது. மார்க் 20எச், மார்க் 55எச் ஆகியன இவ்வரிசையின் புகழ்பெற்ற எஞ்சின்கள். இவை மீன்பிடிப்பதற்கு உரியன அல்ல. ஆயினும் ஆலை விற்றவை ஆதலின் விதிப்படி ‘ஸ்டாக்’ ஆயின. வார எஞ்சினே வாரஇறுதி எஞ்சின் என்னும் தொடக்க நோக்கத்தை விதியின் எழுத்தே கடந்துசென்றது. இதனை ஏமாற்று எனக் கொள்வதற்கில்லை. எல்லார்க்கும் ஒரே விலையில், ஒரே வடிவில் பந்தய எஞ்சின் கிடைத்தமையால் போட்டியின் சமநிலை உயர்ந்தது என்பதும் உண்மை. விலையாக அமைந்தது சார்புநிலை. பெரும்பாலான வகுப்புகளின் வாழ்வு ஒரே நிறுவனத்தின் உற்பத்தித் திட்டத்தைச் சார்ந்ததாயிற்று.

ஆலை விலகியபின்

1950-களின் இறுதியில் அந்தப் பந்தய வரிசையின் உற்பத்தி நிற்கத் தொடங்கியதும் ‘ஸ்டாக்’ என்னும் சொல் முதல் நெருக்கடியைச் சந்தித்தது. ஆலை தற்போது விற்பது என்று அதற்குப் பொருள் கொண்டால் மார்க் 20எச் விலக்கப்பட வேண்டும். அதனை வைத்திருப்போரின் முதலீடு பயனற்றுப்போகும். ஆலை ஒருகாலத்தில் விற்றது என்று பொருள் கொண்டால் வகுப்பு பிழைக்கும். ஆனால் புதியவர் பழைய எஞ்சினைத் தேடி அலைய வேண்டும்.

விதி வகுத்தோர் பெரும்பாலும் அவ்வெஞ்சின்களை வைத்திருந்த பந்தயத்தாரே. அவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். மார்க் 20எச் எஞ்சினுக்குரிய வகுப்பு உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும் நீடித்தது. தேய்ந்த உறுப்புகளுக்கு ஈடாகப் பிறர் செய்த உறுப்புகளை ஒப்புதலுடன் ஏற்கும் விதிகள் படிப்படியாக நுழைந்தன. ஆலையில் பிறவாத உறுப்பும் ஆலை அளவுக்கு ஒத்திருந்தால் ‘ஸ்டாக்’ என்றாயிற்று. அளவுகோல் ஆலையின் கையிலிருந்து விதிநூலின் பக்கங்களுக்கு இடம்பெயர்ந்த கட்டம் இது.

ஜப்பானிய எஞ்சின்களின் வருகை

சி வகுப்பில் தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஜப்பானில் 1951-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் 1952-இல் நாகசாகி மாவட்டத்து ஓமுராவில் தொடங்கிய கியோத்தெய், பந்தயச் சூதாட்டத்துடன் கூடிய தொழில்முறைப் படகோட்டம். அங்கு எஞ்சின் ஓட்டுநருக்கு உரியதன்று. பந்தயத்திடல் வைத்திருக்கும் எஞ்சின்கள் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. குறிப்பிட்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் அவை மொத்தமாக மாற்றப்படுகின்றன. இவ்வாறு கழிக்கப்பட்ட யமாட்டோ எஞ்சின்கள் அமெரிக்காவுக்கு வந்து சி ஸ்டாக் வகுப்பின் எஞ்சின்களாயின. பன்னாட்டு விசைப்படகு ஒன்றியத்தின் ஓ.எஸ்.ஒய்.-400 வகுப்பிலும் 400 கன சென்டிமீட்டர் அளவிலான அதே குடும்ப எஞ்சின்கள் இடம்பெற்றன.

அமெரிக்கக் கடை எதிலும் பொதுமக்களுக்கு விற்கப்படாத, மீன்பிடிப் படகில் ஒருபோதும் பொருத்தப்படாத எஞ்சின் ‘ஸ்டாக்’ என ஏற்கப்பட்டது. தொடக்க விதியின் எழுத்துக்கு இது முரண். அதன் நோக்கத்துக்கோ மிக நெருக்கம். மலிவாகவும் ஒரே தன்மையாகவும் போதிய எண்ணிக்கையிலும் கிடைத்த எஞ்சின் அதுவே.

சுற்றுச்சூழல் விதிகளின் தாக்கம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் வெளியிட்ட விதி, 1998 முதல் 2006 வரையிலான மாதிரி ஆண்டுகளில் அவுட்போர்டு எஞ்சின்களின் ஹைட்ரோகார்பன் உமிழ்வைப் படிப்படியாக 75 விழுக்காடு குறைக்கப் பணித்தது. கார்புரேட்டர் கொண்ட ஈரடிப்பு எஞ்சின்கள் புதிய விற்பனையிலிருந்து மறையலாயின. 2000-இன் இறுதியில் ஜான்சன், எவின்ரூட் பெயர்களைக் கொண்டிருந்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் திவாலானது. நான்கடிப்பு எஞ்சின்கள் பொதுவாக எடை மிகுந்தவை. சிறிய பந்தயப் படகின் சமநிலைக்கு அவை எளிதில் பொருந்துவதில்லை. கடையில் விற்பதும் பந்தயத்துக்கு ஏற்றதும் ஒன்றே என்ற போருக்குப் பிந்தைய நிலை இத்துடன் முற்றுப்பெற்றது. புதிய எஞ்சினைப் பழையதுடன் ஒரே வகுப்பில் ஓடவிடும்போது, காற்றுவழியைச் சுருக்கும் தகடு, படகும் ஓட்டுநரும் சேர்ந்த குறைந்தபட்ச எடை ஆகியவற்றால் சமன் செய்யும் விதிகளே வழியாயின.

முடிவுரை

‘ஸ்டாக்’ என்பது முதலில் சந்தையில் இருப்பதைச் சுட்டியது. பின்னர் சந்தையில் இருந்ததைச் சுட்டியது. இறுதியில் விதிநூல் வரையறுத்ததைச் சுட்டியது. ஆலையின் பட்டியலைப் பின்பற்றிய விதி, ஆலை மறந்த எஞ்சினின் நினைவேடாக மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் இருவகையினரின் நலன்கள் மோதின: பழைய எஞ்சினை உடையவர், எஞ்சின் இன்றி நுழைய விரும்புபவர். முன்னவரைக் காத்த விதி வகுப்பை நீட்டித்தது. பின்னவருக்கு வழிவிட்ட விதியோ அதனைப் புதுப்பித்தது. யமாட்டோ எஞ்சினின் ஏற்பு, சொல்லின் எழுத்தைத் தளர்த்தி அதன் நோக்கத்தைக் காத்தது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், மாறாத சொற்கள் மாறாத நடைமுறையைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்விதிநூல் தக்க சான்றாகிறது.