விழுதுள்ள தாழையும் விழுதிலாத் தாழையும்

நெய்தல் திணைப் பாடல்களை நடத்தப் புகும்போது, தாழையைக் கண்டவர் எத்தனை பேர் என்று மாணவரிடம் ஆண்டுதோறும் கேட்பது நம் வழக்கம். உயரும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. குங்குமச் சிமிழின் மேல் அச்சிட்ட பெயராகவும் பட்டுச்சேலையின் கரையாகவுமே தாழம்பூவை அறிந்தோர் மிகுதி. பூவின் பெயர் நிலைத்துவிட்டது, செடி மறந்துபோயிற்று.

சங்கப் புலவர்க்குச் செடி முழுவதும் தெரிந்திருந்தது. நற்றிணை 19ஆம் பாடலில் நக்கண்ணையார் தாழையின் சொரசொரப்பான அடிமரத்துக்கு இறாலின் முதுகையும், முள்ளிலைக்குச் சுறாவின் கொம்பையும், முதிர்ந்த அரும்புக்குக் களிற்றின் தந்தத்தையும் உவமை சொல்கிறார். வாள்போல் நீண்ட மூக்கின் இருபுறமும் பற்கள் கொண்ட சுறாவைப் பார்த்தவர்க்கு, இரு ஓரமும் முள் நிரைந்த தாழை மடல் உடனே விளங்கும். மணம் பற்றிய பேச்சு இவற்றுக்கெல்லாம் பின்னரே வருகிறது.

தாழை என்னும் சொல் அக்காலத்தில் தென்னையையும் குறித்தது. குழப்பம் வராதோ? பெரும்பாணாற்றுப்படை இதற்கு எளிய வழி கண்டது: தென்னையை விழுது இல்லாத தாழை என்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தாழையும் கைதையும் தனித்தனியே இடம்பெறுவதால், முன்னதற்குத் தெங்கின் பாளை எனப் பொருள் கொண்டார் நச்சினார்க்கினியர். அந்த உரையை ஏற்பதில் நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு; மலைச்சாரலில் தென்னம்பாளை எங்கிருந்து வந்தது? கடற்கரைக் கைதை மட்டும் அங்கே எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டால் நம்மிடமும் விடையில்லை.

விழுதை அடையாளமாகக் கொண்டது சரியே. நிலையற்ற மணலில் சாய்ந்து வளரும் தண்டைத் தாங்குவன அவ்விழுதுகள்தாம். உப்புக்காற்றை இச்செடி பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் கழிக்கரைகளிலும் வயல் வேலிகளிலும் அதை வைத்தனர். விழுதின் நுனியை நசுக்கிச் சுவருக்குச் சுண்ணாம்படிக்கும் மட்டை செய்தனர். கொல்லம் பக்கத்தில் முள் சீவி, கீறி, உலர்த்திய ஓலையால் பாய் முடைந்தனர்.

ஐரோப்பியர் இச்செடியை எழுதிவைத்த வரலாறும் சுவையானது. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூல் இதனைக் ‘கைதா’ என்றே பதிந்தது. குறிஞ்சிப்பாட்டின் கைதை லத்தீன் நூலுக்குள் அப்படியே நுழைந்துவிட்டது! ஏமனில் மாண்ட ஃபோர்ஸ்கால் எழுதி 1775இல் அச்சேறிய நூலிலோ மணம் தருவது என்னும் பொருளில் பெயர் அமைந்தது. இன்றைய ‘பாண்டனஸ் ஓடரிஃபர்’ அதன் வழிவந்ததே. நம் புலவர் விழுதைக் கண்டனர். அவர் மணத்தைக் கண்டார்.

நம்மவர்க்கும் பின்னாளில் மணமே பெரிதாயிற்று. பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூவென்று சிவபூசையில் விலக்கினாலும், பெண்களின் சடையிலிருந்து அதை எவராலும் விலக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், செடியையே மாணவர்க்குக் காட்டிவிடலாம் என்று கழிக்கரைப் புதர் ஒன்றின் அடியில் கிளைத்த கன்றைப் பிரித்துவந்து கல்லூரிச் சுவரோரம் நட்டோம். மணல் கலந்து மண்ணை இளக்கி, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டோம். முதல் கோடையில் மட்டும் நாள்தோறும் நீர் ஊற்றினோம். வேர் பிடித்த பின் அது நம்மை எதிர்பார்க்கவில்லை. பாம்பு அடையும் என்று அஞ்சி ஊழியர் இருமுறை வெட்ட வந்தபோது காத்ததுதான் பெரும்பாடு. மூன்றாம் ஆண்டில் விழுது இறங்கியது. விழுதுள்ள தாழைக்கும் விழுதிலாத் தாழைக்கும் அன்று கரும்பலகை வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டில் பூத்தது. மணமே இல்லை. தாழையில் ஆண், பெண் செடிகள் வேறுவேறு. மணக்கும் மடற்பூ ஆணுக்கே உரியது. பிரித்தெடுத்த கன்று தாய்ச்செடியின் பாலையே கொண்டிருக்கும். பூவாத பருவத்தில் கன்றெடுத்த பிழை நம்முடையது. அன்னாசி போலக் காய் தொங்கியதும், தின்னலாமா என்று கேட்டார்கள் மாணவர்கள். வரும் மழைக்காலத்தில், மணம் வரும் புதராகப் பார்த்து மற்றொரு கன்று எடுத்துவர வேண்டும்.