லிப்டனை வென்ற படகுகளின் மறுபிறப்பு

அப்புத்தளைக்கு மேலேயுள்ள 'லிப்டன் சீட்' மலைமுகட்டை அறியாத இலங்கையர் சிலரே. 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கிய கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டனின் பெயரை அம்முகடு இன்றும் தாங்கி நிற்கின்றது. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் விளைந்த செல்வத்தின் ஒரு பகுதியை அவர் கடலிலே கரைத்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பாய்க்கப்பற் பந்தயங்களில் தலையாயதான 'அமெரிக்காக் கிண்ண'த்தை வெல்வதற்கு 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் 'ஷாம்றொக்' என்னும் பெயர் தாங்கிய ஐந்து படகுகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார். ஐந்தும் தோற்றன. அவற்றைத் தோற்கடித்த படகுகள் அனைத்தும் ஒரே இடத்திற் கட்டப்பட்டவை.

அந்த இடம், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிறிஸ்டல் நகரில் இருந்த ஹெரஸ்ஹொவ் படகு கட்டுந் தளம். 1878இல் இரு சகோதரர்கள் அதனை ஒரு நிறுவனமாக அமைத்தனர். மூத்தவர் ஜோன் பிறவுண் ஹெரஸ்ஹொவ், பதின்ம வயதிலேயே பார்வையை முற்றாக இழந்தவர். படகின் வளைவைக் கைகளால் தடவிப் பார்த்தே அதன் நிறைகுறைகளைச் சொல்லக்கூடியவர். வணிகம் அவர் பொறுப்பு. இளையவர் நதானியேல், மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் கற்ற பொறியியலாளர். வடிவமைப்பு அவர் பொறுப்பு. 1893 முதல் 1934 வரை நடைபெற்ற எட்டுக் கிண்ணப் போட்டிகளிலும் அமெரிக்காவின் சார்பில் நின்று வென்றவை இத்தளத்துப் படகுகளே. 1903இல் லிப்டனை வென்ற 'றிலயன்ஸ்' 16,000 சதுர அடிக்கும் மேற்பட்ட பாய்களை விரித்த பேருருவம். ஆயினும் ஒரு பந்தயத்துக்காகவே பிறந்த அப்படகு 1913இல் உடைத்து உலோகமாக விற்கப்பட்டது.

பெரும்படகுகள் மறைந்தன, சிறுபடகுகள் நிலைத்தன. 1914இல் நதானியேல், பஸாட்ஸ் விரிகுடாவிற் பிள்ளைகள் பாய்விடப் பழகுவதற்கென ஒரு படகை வரைந்தார். நீர்மட்டத்தில் அதன் நீளம் பன்னிரண்டரை அடி; ஆகவே 'ஹெரஸ்ஹொவ் பன்னிரண்டரை' என்றே பெயர் பெற்றது. அதன் எடையிற் பாதியளவு அடிக்கட்டையிற் பொருத்திய ஈயம். அந்த விரிகுடாவின் முரட்டுக் காற்றிலும் பிள்ளைகள் கவிழாது திரும்பினர். இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை அவ்வகையில் 360இற்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. 1912இல் தமது சொந்தப் பாவனைக்கென அவர் கட்டிய, 26 அடி நீளமான 'அலேரியன்' இன்று கனெக்ரிக்கட் மாநிலத்து மிஸ்ரிக் சீபோட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

மூத்தவர் 1915இல் மறைந்தார். நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டு நீங்கியது. 1924இல் ஏலத்துக்கு வந்தபோது மதுவடிசாலை அதிபர் ஒருவர் வாங்கி நடத்தினார். உலகப்போரிற் கடற்படைக்கான படகுகளைக் கட்டிக் கொடுத்த அத்தளம், போர் முடிந்ததும் மூடப்பட்டது. ஆனால் பெயர் சாகவில்லை. அப்பெயரை மீண்டும் விற்பதற்கு வெவ்வேறு வழிகளைப் பலர் நாடினர்.

முதல் வழி, மூலப்பொருளை மாற்றுவது. கேப் கொட் ஷிப்பில்டிங் நிறுவனம் பன்னிரண்டரையின் உடலைக் கண்ணாடியிழையில் வார்த்து, மேற்றளத்தையும் பாயமைப்பையும் மாற்றி, 'புல்ஸ் ஐ' என்ற பெயரில் விற்றது. மரப்படகைப் பராமரிக்க நேரமில்லாதோர் வாங்கினர்.

இரண்டாவது வழி, பிசகாத நகல். 1970களில் வந்த 'டோடிஷ்' என்னும் கண்ணாடியிழைப் படகு, பழைய மரப்படகின் உருவத்தை மட்டுமன்றி எடையையும் அந்த எடை பரவியிருந்த முறையையும் பின்பற்றியது. பழைய மரப்படகுகளோடு ஒரே பந்தயத்தில் ஓட அது ஏற்றுக்கொள்ளப்பட்டமையே அந்நகலின் நேர்மைக்குச் சான்று.

மூன்றாவது வழியே வணிகத்திற் பெரிதாக வென்றது. கலிபோர்னிய வடிவமைப்பாளர் கார்ல் ஷூமாக்கர், 1990ஆம் ஆண்டளவில் 'அலேரியன் எக்ஸ்பிறஸ் 28' என்ற படகை உருவாக்கினார். நீருக்கு மேலே தெரிவது 1912ஆம் ஆண்டின் அழகு. நீருக்குக் கீழே இருப்பது நவீனப் பந்தயப் படகின் ஒடுங்கிய அடிக்கட்டையும் தனித்து நிற்கும் சுக்கானும். பணம் உண்டு, நேரம் இல்லை, உடன்வர ஆளும் இல்லை என்ற நிலையிலுள்ள இன்றைய வாங்குநரை அது சரியாக இனங்கண்டது. மாலையில் ஒருவர் தனியே பாய் விரித்து இரண்டு மணிநேரத்திற் கரை திரும்பலாம். ஒரு நாட்பொழுதுக்கான அழகிய படகு என்னும் சந்தையே இதன் பின்னர்தான் அமெரிக்காவிற் செழித்தது.

இவற்றுள் எது உண்மையான ஹெரஸ்ஹொவ்? தூய்மைவாதிகள் மூன்றாவதை ஏற்கமாட்டார்கள். என் கருத்து வேறு. நதானியேல் தம் வாழ்நாளில் எந்த வடிவத்தையும் புனிதமாகக் கொண்டவரல்லர். பயன்படுத்துபவர் யார், கடல் எத்தகையது என்பதைப் பார்த்தே வரைந்தவர். அந்த வினாவை மறுபடி கேட்பவரே அவருக்கு வாரிசு. பழைய பெயர்ப்பலகையைப் புதிய பொருளில் ஒட்டுபவர் வாரிசல்லர்.

ஆனால் வினாவைக் கேட்பதற்கும் ஒரு மூலம் கையில் இருக்க வேண்டும். நதானியேல் ஒவ்வொரு படகுக்கும் முதலில் அதன் ஒரு பாதியை மரத்திற் செதுக்குவார். பின்னர் தாமே அமைத்த கருவியால் அம்மாதிரியை அளந்து, அளவுகளைச் சிறு குறிப்பேடுகளில் எழுதி வைப்பார். அம்மாதிரிகள் பிறிஸ்டலில் உள்ள ஹெரஸ்ஹொவ் அருங்காட்சியகத்திலும், ஆயிரக்கணக்கான வரைபடங்கள் அவர் கற்ற நிறுவகத்திலும் பேணப்படுகின்றன. மூடப்பட்ட தளமொன்றின் படகுகள் மறுபடி பிறந்தமைக்கு முதற்காரணம் விளம்பரம் அன்று, இந்த ஏடுகளே.

நதானியேல் 1938 ஜூனில் காலமானார். அதே ஆண்டு ஓகஸ்டில், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி', அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றப்பட்ட நிலையில், எம்மவரான மாலுமிகளுடன் அதே நியூ இங்கிலாந்துக் கரையில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அப்பயணத்தைப் பெருமையுடன் பேசுகின்றோம், பேசவேண்டியதுதான். ஆனால் அக்கப்பலைப் போல் இன்னொன்றை நாளை ஒருவர் கட்ட முன்வந்தால், வல்வை மேத்திரிமாரின் அளவுகளை எந்த ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுப்போம்? அத்தொழிலை அறிந்த குடும்பங்களில் நினைவு எஞ்சியிருக்கும் இப்போதே அதனை எழுதி வைத்தல் வேண்டும். பெயர் எப்படியும் நிலைக்கும். லிப்டனின் பெயர் தேயிலைப் பொதிகளில் நிலைத்திருப்பதைப் போல. பெயருக்குப் பின்னால் இருந்த கைகளின் அறிவு, எழுதி வைத்தாலன்றி நிலைக்காது.