ஒரு பர்ஸ், ஒரு நம்பர், 40,000 பேர்

இன்னைக்குக் கதை ஒரு பர்ஸ்ல ஆரம்பிக்குது.

1938. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம், லாக்போர்ட்னு ஒரு ஊர். அங்க இ. எச். ஃபெர்ரின்னு ஒரு பர்ஸ் கம்பெனி. அரசாங்கம் தொழிலாளிகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி கார்டு கொடுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. அந்தக் கார்டு பர்ஸுக்குள்ள கச்சிதமா உட்காரும்னு காட்டணும். அதுக்காக மாதிரிக் கார்டு ஒண்ணை அச்சடிச்சு உள்ள வெச்சாங்க. ஏதாவது கற்பனை நம்பரைப் போட்டிருக்கலாம். கம்பெனியோட துணைத் தலைவர் போட்டது, தன் செகரட்டரி ஹில்டா விட்சரோட நிஜ நம்பரை!

பர்ஸ் உல்வொர்த் கடைகள் மூலமா நாடு முழுக்கப் போச்சு. மாதிரிக் கார்டு அசல்ல பாதி அளவுதான். சிவப்பு மை வேற, குறுக்கே 'மாதிரி'ன்னும் அச்சடிச்சிருந்தாங்க. அப்படியும் வாங்கினவங்கள்ல பல பேர் அதைத் தங்களோட நம்பர்னே எடுத்துக்கிட்டாங்க. 1943-ல மட்டும் 5,755 பேர். மொத்தக் கணக்கு 40,000-ஐத் தாண்டுச்சு. பழைய நம்பரை ரத்து பண்ணி ஹில்டாவுக்குப் புது நம்பர் கொடுத்தாங்க. பாவம், எஃப்.பி.ஐ. வேற அவங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. 1977-லகூட 12 பேர் அதே நம்பரை வெச்சு ஓட்டிட்டு இருந்தாங்க.

இதுல என்னை யோசிக்க வெச்சது ஒரு விஷயம். இத்தனை பேர் கையில நம்பர் இருந்தும், அதை வெச்சு ஹில்டா பேர்ல கடன் வாங்க அன்னைக்கு வழி இல்ல. யாரோட சம்பளம் எந்தப் பேரேட்டுல ஏறணும்னு சொல்ற கணக்கு எண் அது, அவ்வளவுதான். நம்ம பாஷைல சொன்னா யூசர்நேம். 1946-ல இருந்து 1972 வரைக்கும் வந்த கார்டுகள்ல 'அடையாளத்துக்கு அல்ல'ன்னு அச்சடிச்சே கொடுத்தாங்க.

யாரும் கேட்கல. கம்ப்யூட்டர் வந்ததும் எல்லா ஆபீஸுக்கும் ஒரு ஆளுக்கு ஒரு எண் தேவைப்பட்டுச்சு. 1960-கள்ல வருமான வரித்துறை இதையே எடுத்துக்கிச்சு. பின்னாடியே பேங்க். பல காலேஜ்கள்ல ரோல் நம்பரே இதுவாத்தான் இருந்துச்சு! அப்புறம் போன்ல "கடைசி 4 இலக்கம் சொல்லுங்க"ன்னு கேட்டு, சொன்னா நீங்கதான் அந்த ஆள்னு நம்ப ஆரம்பிச்சாங்க. வாசல்ல மாட்டின பேர்ப்பலகையையே வீட்டுச் சாவியா ஆக்கின மாதிரி. அதுவும் லேசுல மாத்த முடியாத சாவி.

இதுல குழந்தைங்களும் மாட்டிக்கிட்டாங்க. அங்க வரி கட்டுறவங்க தங்களை நம்பி இருக்கிறவங்க பேரைக் காட்டினா வரி குறையும். நாயைக்கூடக் குழந்தைன்னு எழுதினாங்கன்னு கதை உண்டு. 1986-ல சட்டம் வந்துச்சு: 5 வயசு ஆனவங்களுக்கு நம்பர் கட்டாயம். அடுத்த கணக்குல சுமார் 70 லட்சம் 'குழந்தைங்க' காணாம போயிட்டாங்க! நல்ல திருத்தம்தான். ஆனா அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில பிறப்புப் பதிவு பண்றப்பவே நம்பருக்கும் விண்ணப்பிக்கிறது வழக்கமாச்சு.

அப்போ நம்பரோட முதல் பகுதி மாநிலத்தைக் காட்டுச்சு; அடுத்தது வரிசைப்படி ஏறுச்சு. பிறந்த உடனே கொடுத்ததால, பிறந்த தேதியும் மாநிலமும் தெரிஞ்சாலே பாதி நம்பரை ஊகிச்சிட முடிஞ்சுது. 2009-ல கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல அக்விஸ்டி, கிராஸ்னு ரெண்டு பேர் இதைச் செஞ்சே காட்டினாங்க. இறந்தவங்களோட பதிவை வெச்சுப் பார்த்தப்போ, 1988-க்கு அப்புறம் பிறந்தவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு முதல் 5 இலக்கம் ஒரே முயற்சியில கிடைச்சிடுச்சு. மீதி 4? அதைத்தான் போன்ல எல்லாரும் கேட்கிறாங்களே. 2011 ஜூன்ல இருந்துதான் நம்பரைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கிறாங்க.

குழந்தை பேர்ல கடன் கணக்கே இருக்காது. திருடன் அந்த நம்பரோட வேற பேர், வேற பிறந்த தேதி சேர்த்துக் கார்டுக்கு விண்ணப்பிச்சா, புதுசா ஒரு கோப்பு திறக்கும். பையன் 18 வயசுல படிப்புக்குக் கடன் கேட்கிறவரைக்கும் அதை யாரும் திறந்து பார்க்கப் போறதில்ல. திருடன் எங்கயோ இருக்கிற ஹேக்கரா இருக்கணும்னும் இல்லைங்க. பீரோவைத் திறக்க முடிஞ்ச சொந்தக்காரரா இருக்கலாம். கொடுமை என்னன்னா, அப்போ வீட்டுல போலீஸுக்கே போக மாட்டாங்க.

2017-ல ஈக்விஃபேக்ஸ்ல இருந்து 14 கோடிப் பேருக்கு மேல விவரம் கசிஞ்சுது. அடுத்த வருஷம் ஒரு சட்டம் வந்து, கடன் கோப்பைப் பூட்டி வைக்கிறது இலவசமாச்சு. 16 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு அப்பா அம்மாவே பூட்டலாம். கோப்பு இல்லைன்னா, பூட்டுறதுக்காகவே ஒண்ணை உருவாக்குவாங்க. அமெரிக்காவுல இருக்கிற அக்கா, ஃப்ரெண்ட் யாராவது இதைக் கேட்டா, ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன்னு மூணு இடத்துக்கும் தனித்தனியா எழுதணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்து அனுப்பணும். ஒண்ணுல மட்டும் பூட்டினா மத்த ரெண்டும் திறந்தேதான் கிடக்கும்.